விளையாட்டு அணியின் நிர்வாகி என்ன செய்கிறார்? மசாய் உஜிரியை வைத்து ஓர் எளிய விளக்கம்

2018 ஜூலை 18 அன்று டொராண்டோ ராப்டர்ஸ் கூடைப்பந்து அணி தன் நகரத்தின் செல்லப்பிள்ளையைக் கைமாற்றிவிட்டது. டெமார் டெரோசன் ஒன்பது பருவங்கள் அந்த அணிக்காக மட்டுமே ஆடியவர். 2016இல் வேறெந்த அணியையும் நாடாமல் டொராண்டோவிலேயே ஒப்பந்தத்தைப் புதுப்பித்தவர். அவரை சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்குக் கொடுத்து, கவாய் லெனர்டை வாங்கினார்கள். லெனர்ட் மிகப் பெரிய வீரர்தான். ஆனால் முந்தைய பருவத்தில் காயத்தால் ஒன்பது ஆட்டங்களே ஆடியிருந்தார். ஓராண்டு முடிந்ததும் விலகிப் போகும் உரிமையும் அவருக்கு இருந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். பதினோரு மாதம் கழித்து, 2019 ஜூன் 13 அன்று, அதே அணி வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் கோப்பையைத் தூக்கியது. கனடாவுக்கு அந்தக் கோப்பை வந்தது அதுவே முதல் முறை.

இந்த முடிவை எடுத்தவர் பயிற்சியாளர் இல்லை, உரிமையாளரும் இல்லை. அணியின் நிர்வாகத் தலைவராக இருந்த மசாய் உஜிரி. அந்த நாற்காலியில் அமர்கிறவர் என்ன செய்கிறார், அங்கே எப்படி வந்து சேர்கிறார், சமூகத்துக்காக அவர் செய்யும் வேலையை எப்படிப் புரிந்துகொள்வது என்பதை உஜிரியின் வாழ்க்கையைக் கொண்டே விளக்கலாம். அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. தொழிலையும் தொண்டுப் பணியையும் ஒரே திறமையைக் கொண்டு செய்தவர் அவர். ஒருவர் இன்னும் எட்டாத உயரத்தை முன்கூட்டியே கண்டுகொள்வதுதான் அந்தத் திறமை.

யார் எதற்குப் பொறுப்பு

ஒரு தொழில்முறை அணிக்கு முதலில் உரிமையாளர் இருப்பார். ராப்டர்ஸ் அணியின் உரிமை ‘மேப்பிள் லீஃப் ஸ்போர்ட்ஸ் அண்ட் என்டர்டெயின்மென்ட்’ என்ற நிறுவனத்திடம் இருக்கிறது. டொராண்டோவின் புகழ்பெற்ற ஐஸ் ஹாக்கி அணியும் அதனுடையதுதான். உரிமையாளர் பணம் போடுகிறார், பெரிய செலவுகளுக்கு ஒப்புதல் தருகிறார். அவருக்குக் கீழே நிர்வாகத் தலைவர். அவருக்கு அடுத்து, ஒப்பந்தங்களையும் அன்றாட வேலைகளையும் பார்க்கும் பொது மேலாளர். 2018இல் ராப்டர்ஸில் அந்தப் பொறுப்பில் இருந்தவர் பாபி வெப்ஸ்டர். பயிற்சியாளர் தன்னிடம் தரப்பட்ட வீரர்களை வைத்து ஆட்டத்தை நடத்துகிறவர். அந்த வீரர்கள் யார் என்பதையும், ஏன், அந்தப் பயிற்சியாளர் யார் என்பதையும் மேலே இருப்பவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

அந்த முடிவுகள் சுதந்திரமாக எடுக்கப்படுபவை அல்ல. என்பிஏவில் 30 அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியும் வீரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் இவ்வளவு தொகைதான் என்று வரையறுப்பதைப் போன்றது இது. ஒரு வேறுபாடு என்னவென்றால், என்பிஏவில் சில வழிகளில் வரம்பைத் தாண்டலாம். ஏற்கெனவே தன்னிடம் இருக்கும் வீரரைத் தக்கவைத்துக்கொள்ள அதிகம் கொடுக்கலாம். ஓர் எல்லைக்கு மேல் போனால் அபராத வரி கட்ட வேண்டும். 2018-19 பருவத்தில் உச்சவரம்பு ஏறத்தாழ 10 கோடியே 19 லட்சம் டாலர்.

வரம்பைத் தாண்டிய அணி வீரரைக் கைமாற்றும்போது, கொடுக்கும் வீரர்களின் சம்பளமும் வாங்கும் வீரர்களின் சம்பளமும் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். லெனர்ட் பரிமாற்றத்தையே எடுத்துக்கொள்வோம். அந்தப் பருவத்துக்கு டெரோசனின் சம்பளம் சுமார் 2.77 கோடி டாலர். லெனர்டின் சம்பளம் சுமார் 2.31 கோடி டாலர். டெரோசனுடன் இளம் வீரர் யாக்கோப் பெல்டலும் போனார். அவருக்குச் சுமார் 29 லட்சம். லெனர்டுடன் டேனி கிரீன் வந்தார். அவருக்கு 1 கோடி. கூட்டினால் போன பக்கம் ஏறத்தாழ 3.06 கோடி, வந்த பக்கம் 3.31 கோடி. இதோடு அடுத்த ஆண்டின் புதுமுகத் தேர்வு உரிமை ஒன்றையும் நிபந்தனையுடன் ராப்டர்ஸ் கொடுத்தது. செய்தித் தலைப்பில் இரண்டு நட்சத்திரங்களின் பெயர்கள்தான் வந்தன. கிரீனும் பெல்டலும் அந்தத் தேர்வு உரிமையும் சேர்ந்துதான் பேரத்தை நேர் செய்தன. கிரீன் அந்தக் கோப்பை அணியின் தொடக்க ஐவரில் ஒருவராகவும் ஆனார்.

புதுமுகத் தேர்வை அங்கே ‘டிராஃப்ட்’ என்பார்கள். கல்லூரிகளிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வரும் இளம் வீரர்களை அணிகள் முறை வைத்து, இரண்டு சுற்றுகளில் தேர்ந்தெடுக்கின்றன. பொதுவாகத் தோற்ற அணிகளுக்கு முன்வரிசையில் இடம் கிடைக்கும். ஆகவே நன்றாக ஆடும் அணிக்குக் கடைசியில் மிஞ்சுபவர்கள்தான் கிடைப்பார்கள். நிர்வாகியின் கண் எவ்வளவு கூர்மையானது என்பது அங்கேதான் தெரியும். 2016இல் ராப்டர்ஸ் 27ஆவது இடத்தில் தேர்ந்தெடுத்தவர் காமரூன் நாட்டின் பாஸ்கல் சியாகம். அதே ஆண்டு எந்த அணியும் தேர்ந்தெடுக்காமல் விட்ட ஃப்ரெட் வான்ஃப்ளீட்டையும் ராப்டர்ஸ் சேர்த்துக்கொண்டது. 2019 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் சியாகம் 32 புள்ளிகள் எடுத்தார். கோப்பையைத் தீர்மானித்த ஆறாவது ஆட்டத்தில் வான்ஃப்ளீட் 22 எடுத்தார்.

ஜாரியாவிலிருந்து

உஜிரி 1970இல் இங்கிலாந்தில் பிறந்து, வட நைஜீரியாவின் ஜாரியா நகரில் வளர்ந்தார். தாய் கென்யாவைச் சேர்ந்த மருத்துவர். முதலில் கால்பந்து ஆடிய சிறுவன், பதின்ம வயதில் கூடைப்பந்துக்கு வந்தான். அமெரிக்கா சென்று வடக்கு டகோட்டா மாநிலத்தின் பிஸ்மார்க் என்ற ஊரில் கல்லூரி அணிக்கு ஆடினார். பிறகு ஐரோப்பாவில் சிறிய தொழில்முறை அணிகளில் சில ஆண்டுகள். என்பிஏவில் ஆடும் அளவுக்கு அவர் வளரவில்லை. 2002இல் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்.

அடுத்து அவர் செய்ததுதான் இந்தத் தொழிலில் நுழைய விரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது. ஒரு நைஜீரிய இளைஞரைத் தேர்வுப் பயிற்சிக்காக ஒர்லாண்டோவுக்கு அழைத்துச் சென்ற இடத்தில் ஒர்லாண்டோ மேஜிக் அணியின் நிர்வாகிகளோடு பழக்கம் ஏற்பட்டது. அந்த அணிக்கு ஸ்கவுட்டாக, அதாவது ஊர் ஊராகப் போய் இளம் வீரர்களைப் பார்த்து அறிக்கை தருபவராக, வேலை கேட்டார். வேலை கிடைத்தது, சம்பளம் கிடையாது. சொந்தப் பணத்தில் பயணம், தெரிந்தவர்களின் அறையில் தங்கல். அடுத்த ஆண்டு டென்வர் நக்கெட்ஸ் அணி அவரைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது.

ஸ்கவுட்டின் வேலை வெளியிலிருந்து பார்ப்பதற்குச் சுகமாகத் தெரியும். உண்மையில் சலிப்பான, தனிமையான வேலை அது. ஒரு வீரர் இன்று எத்தனை புள்ளி எடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். பந்து தன்னிடம் இல்லாதபோது என்ன செய்கிறார், பயிற்சியாளர் திட்டினால் முகம் எப்படி மாறுகிறது, தோற்ற பிறகு சக வீரர்களிடம் எப்படிப் பேசுகிறார், 24 வயதில் இந்த உடம்பு எப்படி இருக்கும் என்பதெல்லாம் ஸ்கவுட் எழுத வேண்டியவை. ஆப்பிரிக்காவின் உள்ளூர் ஆடுகளங்களை அறிந்த ஒருவர் அறிக்கை எழுதினால், அதுவரை யாரும் பார்க்காத பிள்ளைகள் கணக்கில் வருகிறார்கள். உஜிரிக்கு இருந்த தனிப் பலம் அதுதான்.

2007இல் ராப்டர்ஸ் அணியின் உலகளாவிய ஸ்கவுட்டிங் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். 2010இல் டென்வர் அவரை அணி நிர்வாகத்தின் தலைமைக்கே அழைத்தது. வட அமெரிக்காவின் பெரிய விளையாட்டு லீக் ஒன்றில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் ஆப்பிரிக்கர் அவர். வந்ததும் பெரிய சிக்கல் காத்திருந்தது. அணியின் நட்சத்திரமான கார்மெலோ ஆன்டனி வெளியேற விரும்பினார். ஒப்பந்தம் முடியும்வரை விட்டால் அணிக்கு எதுவும் கிடைக்காது. அவசரப்பட்டால் குறைந்த விலை கிடைக்கும். உஜிரி மாதக்கணக்கில் பேச்சை இழுத்து, 2011 பிப்ரவரியில் நியூயார்க் நிக்ஸ் அணியிடமிருந்து நான்கு வீரர்களையும் தேர்வு உரிமைகளையும் வாங்கினார். 2012-13 பருவத்தில் நட்சத்திரம் என்று சொல்ல ஒருவரும் இல்லாத டென்வர் அணி 57 ஆட்டங்களில் வென்றது. அந்த ஆண்டின் சிறந்த நிர்வாகி விருது உஜிரிக்குக் கிடைத்தது. அமெரிக்கர் அல்லாத ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை.

அதே 2013இல் டொராண்டோவுக்குத் திரும்பினார். டிசம்பரில், அதிகச் சம்பளம் வாங்கிய ரூடி கேயைக் கைமாற்றியபோது அணி 18 ஆட்டங்களில் ஆறில்தான் வென்றிருந்தது. மீதி 64 ஆட்டங்களில் 42 வெற்றி. அணியின் மற்றொரு வீரரான கைல் லௌரியையும் நியூயார்க்குக்கு அனுப்பப் பேச்சு நடந்ததாகவும், நியூயார்க் பின்வாங்கியதாகவும் அப்போது பரவலாகச் செய்தி வந்தது. அந்த லௌரிதான் 2019 கோப்பை அணியின் முதுகெலும்பு. நிர்வாகத்தின் வெற்றியில் நிறைவேறாமல் போன திட்டங்களுக்கும் பங்கு உண்டு.

2018இல் அணி 59 ஆட்டங்களில் வென்றும், பிளேஆஃப் தொடரில் கிளீவ்லாந்து அணியிடம் ஆட்டக் கணக்கில் நான்குக்குச் சுழியம் என்று தோற்றது. உஜிரி பயிற்சியாளர் டுவேன் கேசியை நீக்கினார். அடுத்த மாதமே கேசிக்கு அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது வந்தது. இந்த வேலையின் கொடுமையான பக்கம் இது. நல்ல மனிதர், நல்ல உழைப்பாளி என்று தெரிந்தும் ‘இவரோடு இதற்கு மேல் போக முடியாது’ என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. டெரோசன் விஷயத்தில், அவரிடம் பேசியதில் ஏற்பட்ட குழப்பத்துக்காக உஜிரி பொதுவில் மன்னிப்புக் கேட்டார். கோப்பை அந்தக் காயத்தைச் சரிக்கட்டிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

பின்னாளில் எடுத்த முடிவுகள் எல்லாம் பலிக்கவில்லை. கோப்பை வென்ற சில வாரங்களில் லெனர்ட் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்விட்டார். 2023இல் வான்ஃப்ளீட் ஹூஸ்டனுக்குப் போனார். பதிலுக்கு ராப்டர்ஸுக்கு எதுவும் கிடைக்கவில்லை. 2024 ஜனவரியில் சியாகம் இந்தியானாவுக்குக் கைமாறினார். அடுத்த ஆண்டே அந்த அணியை இறுதித் தொடருக்குக் கொண்டுசென்றார். கோப்பை அணியை உரிய காலத்தில் கலைக்காமல் நீண்ட நாள் வைத்திருந்தார் என்ற விமர்சனம் நியாயமானது.

சமூகப் பணியில் மூன்று வகை

விளையாட்டுச் செய்திகளில் ‘சமூகப் பணி’ என்று வருவதெல்லாம் ஒன்றல்ல. லீக் நடத்துவது ஒன்று. என்பிஏவும் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பும் 2001இல் தொடங்கிய ‘எல்லைகளற்ற கூடைப்பந்து’ முகாம்கள் இந்த வகை. ஆப்பிரிக்காவில் அவை 2003 முதல் நடக்கின்றன. அணியின் அறக்கட்டளை நடத்துவது இன்னொன்று. ராப்டர்ஸ் உரிமையாளர்களின் அறக்கட்டளை 2017இல் டொராண்டோ நகர மையத்தில் ‘லாஞ்ச்பேட்’ என்ற இளைஞர் விளையாட்டு மையத்தைத் திறந்தது. வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே காசில்லாமல் விளையாடலாம், வேலைக்கான பயிற்சியும் பெறலாம். மூன்றாவது, நிர்வாகி தன் சொந்தப் பொறுப்பில் செய்வது. முதல் இரண்டிலும் நிறுவனத்தின் பெயரும் வணிகமும் கலந்திருக்கும். அது தவறில்லை, ஆனால் நிர்வாகி வேலையை விட்டால் அவருடைய பங்கு அங்கே முடிந்துவிடும். மூன்றாவது வகை அப்படி இல்லை.

உஜிரியின் ‘ஜயன்ட்ஸ் ஆஃப் ஆப்பிரிக்கா’ மூன்றாவது வகை. 2003இல் நைஜீரிய நண்பர் காட்வின் ஒவின்ஜேயுடன் சேர்ந்து தொடங்கினார். அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சம்பளமில்லாத ஸ்கவுட்டாக இருந்து அப்போதுதான் முதல் சம்பளத்தைப் பார்க்கிறார். புகழும் பணமும் வந்த பிறகு தொடங்கிய தொண்டு இல்லை இது. நைஜீரியாவின் சிறந்த இளம் ஆட்டக்காரர்கள் சிலரைக் கூட்டி வைத்து நடத்திய முகாமாக ஆரம்பித்து, பிறகு கென்யா, கானா, ருவாண்டா, செனகல் என்று பரவியது.

முகாமில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் அதன் நோக்கம் புரியும். காலையில் பந்தைக் கையாள்வது, கால்களை எங்கே வைப்பது, தற்காப்பு ஆட்டம் என்று பயிற்சி. இடையிடையே பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசுகிறார்கள்: சொன்ன நேரத்துக்கு வருவது, பொய் சொல்லாமல் இருப்பது, பெண்களை மதிப்பது. பையன்கள் முகாமில் கடைசியாகச் சொன்னதை உஜிரி குரலை உயர்த்தியே சொல்வார். அவர்களில் பெரும்பாலோர் தொழில்முறை வீரர்களாக ஆகப்போவதில்லை என்பது நடத்துகிறவர்களுக்கும் தெரியும். விளையாட்டைச் சுற்றி மருத்துவர், வழக்கறிஞர், பத்திரிகையாளர், நிர்வாகி என்று எத்தனையோ வேலைகள் உண்டு என்பதைச் சொல்வதும் முகாமின் பகுதி. தானே வீரராக மேலே போக முடியாமல் வேறு வாசல் வழியே நுழைந்தவர் என்பதால் உஜிரி சொன்னால் அது பிள்ளைகள் காதில் ஏறும். பெண்களுக்கான முகாம்களும் நடக்கின்றன. இதே கொள்கை அவருடைய அலுவலகத்திலும் தெரிந்தது. ராப்டர்ஸ் நிர்வாகத்தில் அவரோடு பணியாற்றிய டெரேசா ரெஷ், பின்னர் டொராண்டோவின் புதிய மகளிர் கூடைப்பந்து அணிக்குத் தலைவரானார்.

ஆடுகளம் கட்டும் வேலை 2021இல் தொடங்கியது. ஆப்பிரிக்கா முழுவதும் 100 கூடைப்பந்து ஆடுகளங்கள் என்பது இலக்கு. முகாம் சில நாட்களில் முடிந்துவிடும்; சிமெண்டுத் தளமும் வளையமும் அங்கேயே இருக்கும். நிகழ்ச்சிகளைவிட இந்த வேலையைத்தான் நான் மேலாக மதிக்கிறேன். 2023 ஆகஸ்டில், அமைப்பின் இருபதாம் ஆண்டையொட்டி, ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் 16 நாடுகளின் இளைஞர்களைக் கூட்டி விழா எடுத்தார்கள்.

இந்த ருவாண்டா தொடர்பை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பாராட்ட முடியாது. அந்நாட்டு அரசு விளையாட்டில் பெரும் பணம் போடுகிறது. எதிர்க்கட்சியினரை நடத்தும் விதத்துக்காகவும் அண்டை நாடான காங்கோவின் போரில் அதன் பங்குக்காகவும் மனித உரிமை அமைப்புகள் அதைக் கடுமையாக விமர்சிக்கின்றன. விளையாட்டு விழாக்கள் அரசின் முகத்துக்குப் பூச்சாகிவிடுகின்றன என்ற குற்றச்சாட்டு எழுகிறது. ஆப்பிரிக்காவில் அரங்கமும் பாதுகாப்பும் ஒழுங்கும் ஒருசேரக் கிடைக்கும் நகரங்கள் குறைவு என்பது எதிர்த்தரப்பு வாதம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கிடைத்த பயன் உண்மை என்பதால் அந்தக் கேள்வி தீர்ந்துவிடாது.

2019 கோப்பை இரவில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓக்லாந்து அரங்கில் தன் அணியைக் கட்டியணைக்க ஆடுகளத்துக்குள் இறங்கப்போன உஜிரியை ஒரு காவல் அதிகாரி மார்பில் கைவைத்து இரண்டு முறை தள்ளினார். அனுமதி அட்டையைக் காட்டவில்லை என்றும், தாக்கியவர் உஜிரிதான் என்றும் சொல்லி பின்னர் வழக்கும் போட்டார். 2020 ஆகஸ்டில் வெளியான காவலரின் உடற்கேமராக் காட்சி, அட்டையைக் கையில் எடுத்தபடி வந்தவர் முதலில் தள்ளப்பட்டதைக் காட்டியது. 2021 பிப்ரவரியில் வழக்கு கைவிடப்பட்டது. அணியின் தலைவர், கையில் அட்டை, வீடியோ சாட்சி எல்லாம் இருந்தும் இவ்வளவு காலம் பிடித்தது. இவை எதுவும் இல்லாத கறுப்பின இளைஞனின் கதி என்ன என்று உஜிரி அதன் பிறகு தொடர்ந்து பேசி வந்தார்.

டொராண்டோவில் அந்த அணியின் இடம் என்ன என்பது தமிழ் வாசகர்கள் பலருக்குச் சொல்லாமலே தெரியும். ஸ்காபரோ பகுதியிலும் மார்க்கம் நகரிலும் வளரும் ஈழத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதுவே சொந்த அணி. கோப்பை அணியில் காமரூன், காங்கோ, ஸ்பெயின் நாட்டவர்களும், லண்டனில் நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த ஒருவரும் இருந்தார்கள். உலகெங்கிலுமிருந்து வந்து குடியேறியவர்களின் நகரத்துக்கு அந்த அணி பொருத்தமாக அமைந்ததில், உலகெங்கும் ஆள் தேடிய நிர்வாகியின் பங்கு பெரிது.

2025 ஜூன் மாதம் ராப்டர்ஸ் நிறுவனமும் உஜிரியும் பிரிந்தார்கள். அதற்கு முந்தைய இரண்டு பருவங்களில் அணி 25, 30 ஆட்டங்களில்தான் வென்றிருந்தது. அடுத்த மாதம் கிகாலியில் இரண்டாவது விழா நடந்தது. ‘ஜாரியா கோர்ட்’ என்று தன் ஊரின் பெயரை வைத்து அவர் கட்டிய விளையாட்டு, தங்குமிட, வணிக வளாகமும் அங்கே திறக்கப்பட்டது. வளாகம் வருமானம் ஈட்டுவதற்கான முதலீடு, முகாம்கள் தொண்டு. இரண்டையும் தனித்தனியாகக் கணக்கில் வைத்துப் பார்ப்பது நல்லது.

எந்த அணி நிர்வாகியின் சமூகப் பணியைப் பற்றிப் படித்தாலும் சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். அவர் பதவியில் இல்லாதபோதும் அது நடக்கிறதா? உள்ளூர்ப் பயிற்சியாளர்களை உருவாக்கியிருக்கிறதா? பெண் பிள்ளைகளுக்கு எத்தனை இடம்? பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது? கடைசிக் கேள்விக்கு விடை தேடுவது பலர் நினைப்பதைவிட எளிது. கனடாவில் பதிவு பெற்ற அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் கணக்கு விவரங்களை அந்நாட்டு வருமான வரித் துறையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மொத்த வரவு, நிர்வாகச் செலவு, திட்டங்களுக்குப் போன தொகை எல்லாம் அதில் இருக்கும். அமெரிக்காவிலும் பெரும்பாலான தொண்டு நிறுவனங்களின் வரித் தாக்கல்கள் பொதுப் பார்வைக்குக் கிடைக்கின்றன. ஒரு நிர்வாகியைப் பற்றிய புகழுரையைப் படித்து முடித்த கையோடு அவரது அறக்கட்டளையின் மூன்று நான்கு ஆண்டுக் கணக்கைத் திறந்து வைத்து, திட்டச் செலவு கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்துவிடுங்கள்.